பின் சீட்டில் அறுபத்து நாலு கிலோ

கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. குளியலறையில் வண்டிச் செயின் எண்ணெய் படிந்த விரல்களைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தவர் கையை அப்படியே நிறுத்தினார். மனைவிதான் சிரிக்கிறாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற அந்தச் சிரிப்பு அவளுக்கு வருஷத்துக்கு இரண்டு முறை வந்தால் அதிகம். கூடவே தாள் புரளும் ஓசை. அப்புறம் கத்தரித்துவிட்ட நூல் மாதிரி சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

அவர் குழாயை மூடினார். வண்டிகளைப் பற்றி எழுதிவைத்த நோட்டை மேஜைமேலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

சொந்தப் பேர் ஒன்று அவருக்கு இருந்தாலும், அந்தப் பதினோரு தெருக்களுக்கும் அவர் மீட்டர்தான். குடிநீர் அலுவலகத்தில் இருபத்தொன்பது வருஷமாக வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்துக் குறிப்பவர். குனிந்து மூடியைத் தூக்கி, இடுப்பில் செருகிய துணியால் கண்ணாடியைத் துடைத்து, டார்ச் அடித்து எண்ணை எழுதுவார். எந்த வீட்டில் குழாய் ஒழுகுகிறது, எந்த வீட்டுக்கு விருந்தாளி வந்து பத்து நாள் தங்கினார் என்பதெல்லாம் அவருக்கு எண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தெரிந்தாலும் வாயைத் திறக்க மாட்டார். தங்கமான மனிதர் என்று தெருவே சொல்லும். தங்கம் என்றைக்கு வாய் திறந்து பேசியிருக்கிறது என்று அவர் மனைவி சொல்வாள்.

அடுத்த மாதம் ஓய்வு. அதற்குப்பின் ஒரே ஒரு ஆசைதான் பாக்கி. இத்தனை வருஷம் சொட்டுச் சொட்டாக அளந்த தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும். மலை ஏரியில் தொடங்கும் தண்ணீர் அது. அறுநூறு கிலோமீட்டர். பஸ்ஸில் போகலாமே என்று மைத்துனன் கேட்டதற்கு, பஸ் நாம் நிற்க நினைக்கிற இடத்தில் நிற்காது என்றார். மோட்டார் சைக்கிளில் போக வேண்டும். தூரப் பயணத்துக்கென்றே செய்த வண்டியாக வேண்டும்.

பழைய பைக் வாங்கி விற்கிற கடை ஒன்று பக்கத்துத் தெருவில் உண்டு. நடத்துவது ஒரு பெண்மணி. எல்லோருக்கும் கடைக்காரம்மா. அவள் தோதான வண்டிகள் இரண்டைக் காட்டி, ஒவ்வொன்றையும் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், அப்புறம் பேசலாம் என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டாள். முதல் வாரம் சிவப்பு, அடுத்த வாரம் சாம்பல். இன்று ஞாயிற்றுக்கிழமை. அவளே சிவப்பை ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். எது பிடித்ததோ அது இங்கே நிற்கும், மற்றது அவளோடு திரும்பும்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். கடைக்காரம்மா டீக் கோப்பையோடு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மனைவி தையல் மெஷினுக்குப் பக்கத்தில், தோள்மேல் அளவு நாடா தொங்க, நோட்டை விரித்துப் பிடித்தபடி நின்றாள். சோபா மெத்தைகள் தைப்பது அவள் தொழில். கடைகளுக்கு வீட்டிலிருந்தே தைத்துக் கொடுக்கிறாள்.

"ஏங்க, அந்த மணல் மூட்டை எதுக்குன்னு கேட்டப்ப என்ன சொன்னீங்க?"

"லக்கேஜுக்குன்னு..."

"இதுல என்ன எழுதியிருக்கீங்க?"

இரண்டு வாரமாக அவர் பின் சீட்டில் ஒரு மணல் மூட்டையைக் கயிற்றால் கட்டிக்கொண்டு ஓட்டியதைத் தெருவே பார்த்தது. நோட்டில் அவர் கோணல் இல்லாத கையெழுத்தில், பின் சீட், மனைவி, ஐம்பத்தெட்டு கிலோ, மணலாக, என்று இருந்தது. அவள் சிரித்தது அதைப் படித்துவிட்டுத்தான்.

"ஐம்பத்தெட்டுன்னு யார் சொன்னா?"

"ஒரு குத்துமதிப்பா..."

"கல்யாணத்தப்ப ஐம்பத்தெட்டு. இப்ப அறுபத்து நாலு. பேனாவ எடுத்துத் திருத்துங்க." இதைச் சொல்லும்போது அவள் கடைக்காரம்மாவைப் பார்க்கவில்லை. கடைக்காரம்மாவும் பெருந்தன்மையாக ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தாள்.

சிரிப்பு எங்கே நின்றது என்பதுதான் அவருக்கு இன்னும் புரியவில்லை. அந்த நோட்டை எட்டிப் பார்த்தார். வலப் பக்கம் சாம்பல் வண்டியின் பக்கம். அவர் மனம் முழுக்க அந்த வண்டியில்தான் இருந்தது. காற்றை மறைக்கும் கண்ணாடி, நிமிர்ந்து உட்காரும் வாகு, எண்பதில் போனாலும் ஹேண்டில்பாரில் அதிர்வில்லை. பள்ளத்தில் இறங்கினால் தூளியில் இறக்கினாற்போல் இறங்கும். சிவப்போ லேசு. வளைவில் நினைத்த மாத்திரத்தில் சாயும், குறுகிய சந்தில் ஒரே வீச்சில் திரும்பும். ஆனால் பின்னால் பாரம் ஏறினால் ஒவ்வொரு அசைவும் கைக்கு வந்துவிடும். அரை மணியில் மணிக்கட்டு விண்விண் என்று தெறிக்கும். அதனால் ஐம்பதுக்குச் சிவப்புக்கு முப்பத்தெட்டு மதிப்பெண், சாம்பலுக்கு நாற்பத்து மூன்று. சாம்பலின் பக்கத்தில் கடைசி வரியை அடிக்கோடிட்டு எழுதியிருந்தார். பின்னால் ஆள் இருப்பதே தெரியவில்லை. மிக நன்று.

அவள் விரல் அந்த வரியின்மேல் இருந்தது.

ஏழு வருஷத்துக்கு முன்னால், மழை விட்ட ஒரு காலையில், பழைய ஸ்கூட்டரின் பின்னால் அவள் ஒருபக்கமாக உட்கார்ந்து போனாள். வேகத்தடை ஒன்றில் வண்டி துள்ள, அவள் வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவரோ அவளிடம் பேசிக்கொண்டே ஒரு தெரு முழுக்கப் போய்விட்டார். திரும்பி வந்தபோது அவள் ஒரு வீட்டு வாசலில் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மைத்துனன் இந்தக் கதையை ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் நடித்தே காட்டுவான். எல்லோரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். ஆனால் அன்றிலிருந்து அவள் வண்டியில் ஏறவில்லை. எங்கே போனாலும் பஸ்தான். அவரும் ஏன் என்று கேட்டதில்லை. அவள் இனி ஏற மாட்டாள் என்று தானாகவே முடிவு கட்டிக்கொண்டார். ஏரிக்குத் தனியாகத்தான் போகப்போகிறோம் என்று தெரிந்தும், மூட்டைக்கு மட்டும் அவள் பேரை வைத்துக் கட்டியிருந்தார்.

"மீட்டர் பாக்கப் போற வீடு பூட்டியிருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று அவள் கேட்டாள்.

"மூணு தடவ போய்த் தட்டுவேன்."

"அப்பவும் திறக்கலன்னா?"

"பழைய மாசங்களப் பாத்து சராசரி போடுவோம்."

"மத்தவங்க ஒரு தடவகூடத் தட்டாம சராசரி போட்டுடறாங்கன்னு ராத்திரி சாப்பாட்டுல எத்தன தடவ புலம்பியிருக்கீங்க. ஏழு வருஷமா என்கிட்ட ஒரு தடவ தட்டினீங்களா? வர்றியான்னு கேட்டீங்களா? மூட்டையக் கட்டி எனக்கும் சராசரி போட்டுட்டீங்க."

"வேண்டாம்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு..."

"சொன்னா சொல்லிட்டுப் போறேன். சொன்னதுக்கப்புறம் எழுதிக்கலாம்ல?" அவள் குரல் தழுதழுத்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. "விழுந்தது பெரிசா வலிக்கலங்க. நான் தரையில கிடக்கேன், நீங்க என்கிட்டப் பேசிக்கிட்டே போறீங்க. அந்தச் சத்தம் தேய்ஞ்சு தேய்ஞ்சு போகுது. அத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. இப்ப பாத்தா, ஆள் இருக்கறதே தெரியாத வண்டிக்கு மிக நன்றுன்னு மார்க் போட்டிருக்கீங்க."

இருபத்தொன்பது வருஷம் ஒரு எண்ணைக்கூடத் தப்பாகப் படிக்காத மனிதர், தன் கையால் எழுதிய வரியை அப்போதுதான் முதல்முறையாகப் படித்தார். அதில் அவர் ஒரு வண்டியைத்தான் புகழ்ந்திருந்தார். அவளுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்ததும் கண் கலங்கியது. அடித்துத் திருத்தப் பேனாவை எடுத்தார், திரும்பவும் கீழே வைத்தார்.

"வர்றியாம்மா?" என்று கேட்டார்.

 அவள் அளவு நாடாவைத் தோளிலிருந்து எடுத்து மெல்லச் சுருட்டினாள். முழுக்கச் சுருட்டி முடித்து மெஷின்மேல் வைத்துவிட்டு, "சிவப்புல" என்றாள்.

கடைக்காரம்மா எழுந்துபோய்ப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, சிவப்பு வண்டியின் பின் ஷாக் அப்சார்பரை இரண்டு பல் இறுக்கினாள். ஆறு கிலோ கூடிப்போச்சே என்று சொல்ல வாய்வரை வந்ததை, சொல்லாமல் விழுங்கிக்கொண்டாள். தன் ஹெல்மெட்டை எடுத்து மனைவியின் தலையில் மாட்டி வாரைச் சரிசெய்தாள். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருங்கள், வண்டி சாய்கிற பக்கமே நீங்களும் சாயுங்கள் என்று சொல்லிக்கொடுத்தாள்.

மூட்டை கயிற்றில் அசையாமல் கிடந்த மாதிரி மனுஷி கிடப்பாளா? முதல் வளைவில் வண்டி இடப்பக்கம் சாய, அவள் பயத்தில் வலப்பக்கம் சாய்ந்தாள். ஹேண்டில்பார் அவர் கையில் திமிறியது. பிரேக் பிடித்தால் அவள் ஹெல்மெட் அவர் ஹெல்மெட்டில் மோதியது. அவள் மூச்சை இழுத்துப் பிடித்தால்கூட அவர் முதுகுக்குத் தெரிந்தது. நோட்டில் குறை என்று எழுதிய அத்தனையும் இப்போது அவருக்கு உயிராக இருந்தன. ஒவ்வொரு திருப்பத்திலும் "இருக்கியா?" என்று கேட்டார். "இருக்கேன்" என்றாள். நாலாவது முறை, "பதில் சொல்லியே வாய் வலிக்குது, ரோட்டப் பாருங்க" என்றாள். கடைசி வளைவில் அவரோடு சேர்ந்தே சாய்ந்தாள்.

வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்து இறங்கினாள். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டாள், மறு கையின் கட்டைவிரலால் பின் சீட்டை அழுத்தி, அது எவ்வளவு நேரத்தில் எழும்புகிறது என்று பார்த்தாள். தொழில்காரி அல்லவா? "பத்து நிமிஷம் மெத்தை, அப்புறம் பலகை. ஸ்பாஞ்ச் செத்துப்போச்சு" என்றாள்.

"அக்கா, நான் வியாபாரத்துக்காகச் சொல்லல. அறுநூறு கிலோமீட்டருக்குச் சாம்பல்தான் சொகுசு" என்றாள் கடைக்காரம்மா.

"சொகுசை நான் தச்சுக்கறேன். கெட்டி ஸ்பாஞ்ச் வீட்டுலயே இருக்கு. கைவலிக்கு இவர் அரை மணிக்கொரு தரம் நிறுத்தட்டும். எனக்கும் கால நீட்டணும்."

மீட்டர் சாம்பல் வண்டியின் சாவியைக் கொண்டுவந்து நீட்டினார். அந்த வண்டியை ஒருமுறை தடவிப் பார்க்கக் கை பரபரத்ததும் உண்மை. அதைப் பார்த்துவிட்டு, ஆசையிருந்தால் தடவிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன் என்றாள் மனைவி.

கடைக்காரம்மா ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டாள். வண்டியை எழுபதுக்குமேல் ஓட்ட விடாதீர்கள் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, சாம்பல் வண்டியைக் கிளப்பினாள். அது சத்தமே இல்லாமல் தெருமுனையில் திரும்பியது. பின்னாலேயே புழுதி வீட்டை நோக்கி வந்தது. உள்ளே மெஷின்மேல் வெள்ளைத் துணி விரித்திருக்கிறது, அழுக்காகிவிடும் என்று சொல்லிக்கொண்டே மனைவி அவரையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.