மெத்தை மேல் செருப்பு

1997 ஜூன், வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணிக்கு எழும்பூரில் இறங்கினேன். கோவில்பட்டியிலிருந்து ராத்திரி முழுக்க உட்கார்ந்தே வந்ததில் இடுப்பு விட்டுப்போயிருந்தது. மின்சார ரயில் பிடித்து சைதாப்பேட்டை போனால், ஸ்டேஷன் வாசலில் என் தம்பி முருகேசன் வலது காலில் கட்டோடு நிற்கிறான். தி. நகரில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் அவன் விற்பனையாளன். சர்க்கரை வியாதியில் பாதம் மரத்துவிட்டது. கடையில் புடவை விரித்துக் காட்டும் மெத்தையில் கிடந்த குண்டூசி ஏறியதுகூடத் தெரியவில்லையாம்.

“வெள்ளத் துணியில ரத்தத்தப் பாத்துத்தான்க்கா தெரிஞ்சுது” என்று சிரிக்கிறான். அறையலாம் போலிருந்தது.

அடையாறில் இருக்கும் கால் டாக்டரிடம் போக ஆட்டோ. மீட்டர் போடச் சொன்னேன். “மீட்டரு ரிப்பேர்ல கீதும்மா. நாப்பது ரூபா குடு, குந்து” என்றார் டிரைவர். நாற்றமெடுத்த ஆற்றுப் பாலத்தைத் தாண்டும் வரை மூக்கைப் பொத்திக்கொண்டு போனோம்.

ஒன்பதரைக்கு டாக்டரைப் பார்த்தோம். இளவயசு, நன்றாகவே விளக்கினார். அடியில் மெத்தென்ற கறுப்பு ரப்பர் வைத்த செருப்பு. நிற்கும்போதும் நடக்கும்போதும் போட வேண்டும்.

“இதப் போட்டா மறுபடி புண்ணு வர்றது குறையும்னு நிரூபிச்சிருக்காங்க. இன்னொரு புண்ணு வந்தா விரல எடுக்க வேண்டியிருக்கும்” என்றார்.

“கடையில செருப்புப் போட விடமாட்டாங்களே, டாக்டர்?”

“அத நீங்க அங்க பேசிக்கணும்மா.” மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். நிரூபித்தவர்கள் யாரும் புடவைக் கடைக்குள் வந்து பார்த்ததில்லை போலிருக்கிறது. முந்நூற்றைம்பது ரூபாய் கொடுத்துச் செருப்பை வாங்கினேன்.

பஸ்ஸில் தி. நகர் போய்ச் சேரப் பதினொன்றரை. பட்டுப் பிரிவில் தரை முழுக்க வெள்ளைத் துணி விரித்த மெத்தை. வாங்குபவர்கள் ஓரத்தில் செருப்பை விட்டுவிட்டு ஏறி உட்காருகிறார்கள். விற்பவர்கள் காலையிலிருந்து கடை சாத்தும் வரை அதன்மேல் வெறுங்காலில் நிற்கிறார்கள்.

முதலாளி அண்ணாச்சி எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்தான். காபி வரவழைத்தார்.

“தெருவ மிதிக்காத புதுச் செருப்பு அண்ணாச்சி, கடைக்குள்ள மட்டும் போடட்டும்” என்றேன்.

“அது எனக்குத் தெரியும், தாலிக்குப் புடவ எடுக்க வந்தவங்களுக்குத் தெரியுமா? மெத்தைய எடுத்துட்டுக் கவுன்ட்டர் போடணும்னா கடைய மூடணும். அந்த நட்டத்த யாரு தாங்குவா? வேணும்னா பேக்கிங்குக்கு மாத்துறேன், அங்க சிமிட்டித் தரைதான். விக்கிற கமிஷன் வராது, அவ்வளவுதான்.”

அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியவில்லை. அதனாலேயே எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. கமிஷன் இல்லாவிட்டால் முருகேசன் தன் மகளைப் படிக்க வைக்க முடியாது. அவன் தலையைக் குனிந்துகொண்டு, “பேக்கிங் வேண்டாம் அண்ணாச்சி” என்றான்.

நான் விடவில்லை. மெத்தையில் உட்கார்ந்திருந்த மயிலாப்பூர் மாமியிடம் நேராகப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் உண்மையாகவே கலங்கிவிட்டார்.

“ஐயோ பாவம், தாராளமாப் போட்டுக்கட்டும்மா. காலோன்னோ முக்கியம்!” என்றவர், விரித்திருந்த கூறைப்புடவையை மடியோடு சேர்த்து இழுத்துக்கொண்டார். “எங்களுக்கு மட்டும் அந்தக் கோடியில வேற யாரையாவது காட்டச் சொல்லுங்கோ. முகூர்த்தப் புடவை, பாருங்கோ.”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். முருகேசன் அதற்குள் செருப்புப் பெட்டியை மூடி அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டு மெத்தையில் ஏறிவிட்டான். “வாங்கம்மா, அரக்குல புதுசு வந்திருக்கு” என்று அடுத்த புடவையை உதறி விரித்தான்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மாம்பலம் ஸ்டேஷனுக்கு, அரைமணி அனுமதி வாங்கிக்கொண்டு, செருப்புப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கியபடி என்னை எழும்பூர் வண்டியில் ஏற்றிவிட வந்தான். டாக்டரிலிருந்து மாமி வரை அத்தனை பேரையும் திட்டித் தீர்த்தேன். அவன் பொறுமையாகக் கேட்டான்.

வண்டி நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான்.

“கோவப்படாதக்கா. உன் காசு வீணாப் போவாது. ராத்திரி வீட்டுக்குப் போனதும் போட்டுக்கிடுதேன்.”