குளக்கட்டடிச் சாவி

ஓமந்தை தாண்டி ஒரு குளக்கட்டடித் தேத்தண்ணிக் கடையில் பஸ் நிற்குது. விடியத்தொட்டு நாங்கள் பெண்டுகள் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை. குடித்தால் ஒதுங்க இடம் வேண்டுமே. என்ர மருமகளோ பிள்ளைத்தாச்சி.

குளம் பார்க்க வாற துரைமாருக்கென்று கட்டின குழிக் கக்கூஸ் ஒன்று பூட்டிக் கிடக்குது.

"குளம் வத்திப்போச்சு ஆச்சி. தண்ணியில்லாமல் திறந்தால் நாறும். காட்டுக்க போங்கோ" என்கிறான் காவல்காரன்.

"பாலைப்பழக் காலம். பழம் தின்னக் காட்டுக்க கரடி நிக்கும். உன்ர பெண்சாதியை அனுப்புவியோ?"

அவன் இடுப்புச் சாவியைத் தடவுறான்.

"குழிக்கு என்னத்துக்கடா தண்ணி? சாம்பலே போதும். கழுவ எங்கட செம்புத் தண்ணி இருக்கு. திற."

அவன் சாவியை என்ர கையில் வைக்கிறான்.

பூட்டைத் திறந்து, கடை அடுப்புச் சாம்பலைக் கடகப் பெட்டியில் அள்ளி வந்து கதவடியில் வைக்கிறன். போறவள் ஒவ்வொருத்தியும் குழிக்குள் ஒரு சிரட்டை சாம்பல் தூவிவிட்டு வாறாள். ஒரு மணமும் இல்லை.

பஸ்காரன் ஹோர்ன் அடிக்கிறான். அடிக்கட்டும். கடைசிப் பெட்டை வரும்வரை நான் ஏறமாட்டன்.

"ஆச்சி, சாவி?" காவல்காரன் கை நீட்டுறான்.

"பின்னேரம் இதாலதான் திரும்புறம். அப்ப தாறன்."

சாவியை மடியில் செருகிக்கொண்டு குடிதண்ணிச் செம்பை மருமகளிட்ட நீட்டுறன்.

"வயிறு முட்டக் குடி, பிள்ளை."