கல்லின் மேல் வரிசை

இத்தாலியில் பாலெர்மோ நகரத்து நூதனசாலை ஒன்றில் துப்புரவு வேலை செய்கிறேன். எகிப்திலிருந்து வந்த கறுப்புக் கல் ஒன்று அங்கே இருக்கிறது. பெரிய கல்லின் உடைந்த துண்டு. நாலாயிரம் வருஷத்துக்கு மேற்பட்டது. ஆதியில் எகிப்தை ஆண்ட ராசாக்களின் பெயர்களை அதில் வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். சனம் நிற்காமல் தாண்டிப் போகும். தங்கமும் இல்லை, பிணமும் இல்லை.

அந்த அறைக்குக் காவல் இருப்பவன் ஒரு பாலெர்மோக் கிழவன். வாய் ஓயாது. நான் கண்ணாடி துடைக்கும்போது ஒருநாள் விரலை வைத்துக் காட்டினான். கீழ் வரிசைகளில் வருஷத்துக்கு ஒரு கட்டம். என்ன நடந்தது, ஆறு எவ்வளவு பெருகியது, எல்லாம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே உள்ள வரிசையில் வெறும் பெயர்தான்.

"இவை ஒண்டும் செய்யேல்லையோ?" என்று கேட்டேன்.

"செய்திருப்பாங்கள். எழுதினவனுக்குத் தெரியாது. பேராவது கிடக்கே."

"உடைஞ்ச பக்கத்தில இருந்தவை?"

"அவை பிறக்கவே இல்லை." சிரித்தான். "வாளியை எடு. ராசாவுக்கு வழி விடு."

போன மாரியில் யாழ்ப்பாணத்தில் அம்மா செத்துப்போனார். பெர்மெஸ்ஸோ, இங்கே தங்கியிருக்கும் அனுமதி, புதுப்பிக்கக் கொடுத்துக் கிடந்தது. போகவில்லை.

எங்கள் ஆட்களுக்கு மரண அறிவித்தல் பெரிய காரியம். இப்போது இணையத்தில் போடுகிறார்கள். பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாருடைய பெயரும் வரும், பக்கத்தில் நாடும் வரும். செத்தவரின் முகத்தைப் பார்க்க முதல் சனம் தன் பெயரைத் தேடும்.

அண்ணன் போனில் பெயர்களைக் கேட்டார். என்னுடையது, மனைவியுடையது, இரண்டு மகள்களுடையது, எல்லாம் அனுப்பினேன்.

நாங்கள் சைவம். மனைவி மன்னார்க் கத்தோலிக்கப் பெண். இங்கே ஒரு பங்குக் கோயிலில் தாலி கட்டினேன். அண்ணன் இன்றுவரை அவளோடு ஒரு சொல் கதைத்ததில்லை. அம்மாவும் முதலில் அப்படித்தான். பிறகு முழங்கால் ஏலாமல் போனது, மனம் இளகியது. ஞாயிறு பூசை முடிந்து வரும்போது பல்லாரோ சந்தைக்குள் நின்று மனைவி அவருக்குப் போன் எடுப்பாள்.

"ஆர் பிள்ளை உப்பிடிக் கத்துறது?"

"மீன்காரன் மாமி."

"அவனுக்கும் முழங்கால் நோவோ?"

இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

அறிவித்தலில் தன் பெயர் வரும் என்று மனைவி நம்பியிருந்தாள். "மருமக்களில என்னையும் போடுவினம் என்ன?" என்று திரும்பவும் திரும்பவும் கேட்டாள். ஓம் என்றேன்.

கல் இருக்கும் அறையைத் துடைத்துக்கொண்டு நிற்கும்போது அறிவித்தல் போனில் வந்தது. என் பெயர் இருந்தது, பக்கத்தில் இத்தாலி. மருமக்களில் அவள் இல்லை. பேரப்பிள்ளைகளில் மகள்கள் இல்லை. அண்ணியின் தம்பியின் சம்பந்தி இருந்தார்.

அண்ணனுக்குப் போன் எடுத்தேன்.

"இடம் காணாது எண்டவங்களடா."

"அப்ப என்ர பேரையும் எடுங்கோ."

"விசர்க் கதை கதையாதை. பெத்த பிள்ளையை விட்டா சனம் என்னெண்டு கேக்கும்?"

"எடுங்கோ அண்ணை."

"உன்ர விருப்பம்" என்று வைத்துவிட்டார்.

மத்தியானத்துக்குள் எடுத்துவிட்டார்கள். அதற்கு மட்டும் சுணக்கமில்லை. அம்மாவுக்கு நான் பிறக்கவே இல்லை.

பின்னேரம், சந்தைக்குப் பக்கத்தில் அல்பெர்கேரியாவில் இருக்கும் வீட்டுக்கு வந்தேன். மனைவி தான் வேலை செய்யும் இத்தாலியச் சிஞ்ஞோராவின் வீட்டில் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். காலையில் வந்த அறிவித்தலை அவள் பார்க்கவில்லை. சப்பாத்தும் கழற்றாமல், போனை மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள்.

"என்ர பேர் இல்லை. பிள்ளையளின்ரயும் இல்லை." பிறகு நிமிர்ந்தாள். "உங்கட பேரும் இல்லையப்பா."

"இடம் காணாதாம்."

என்னைப் பார்த்தாள். அம்மாவின் படத்தை விரலால் பெரிதாக்கினாள்.

"மாமி நல்லா மெலிஞ்சு போனா" என்றாள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உலை வைக்கப் போனாள்.