கால் ஷிப்ட்

திருப்பூர் நல்லூரில் மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்பு வேலை என்று கரண்ட்டை நிறுத்துவார்கள். எங்கள் தெரு எவ்வளவு சத்தத்தில் வாழ்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரியும். பக்கத்து ஷெட்டின் நிட்டிங் மெஷின், எதிர்மாடியின் தையல் மெஷின்கள், மூலையில் இருக்கும் காஜா பட்டன் கடை எல்லாம் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொள்ளும். அப்படி ஒரு காலையில் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தேன். ஃபேன் நின்றது. யாரோ குடத்தை நகர்த்துவது கேட்டது. ஆனால் எங்கேயோ ஒரு நிட்டிங் மெஷின் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, எவனோ ஜெனரேட்டர் போட்டு ஓட்டறானாட்டம் இருக்குதுங்களே?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தார். "எங்கியும் ஓடலியே அம்மிணி. நாய் கொட்டாவி உட்டாக் கூடக் கேக்கும் போல இருக்குது" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ஜன்னலை மெதுவாகச் சாத்தினார்.

சத்தம் என் காதுக்குள் இருந்தது. அதுவரை கழுத்துக்குக் கீழே மட்டும் குடியிருந்த நோவு இப்போது மேலேயும் ஓர் அறை பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் ஓவர்லாக் டைலர். பனியன் கம்பெனியில் டி-சர்ட்டுக்குக் கை வைக்கிறவள். பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு விட்டதற்குப் பிறகு எனக்குத் தெரிந்த படிப்பு, டவுன் நூலகத்தில் எடுத்து வந்த புத்தகங்களும், பஸ்ஸிலும் கம்பெனியிலும் மனிதர்கள் பேசிய பேச்சும்தான். யாராவது ஒரு சொல்லைப் புதுசாகப் போட்டால் அன்றைக்கு முழுக்க அதை வாயில் வைத்துக்கொண்டிருப்பேன். எனக்குச் சாப்பாடு போட்டது என் வலது கால். டைலருக்குக் கைதான் தொழில் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். கை துணியைக் காட்டும், அவ்வளவுதான். எப்போது ஓட வேண்டும், எங்கே வளைய வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்பதையெல்லாம் பெடலை மிதிக்கிற பாதம்தான் சொல்லும்.

எங்கள் வேலையில் பெண்களுக்கு நீர்க்கடுப்பு புதிதில்லை. நடுவில் எழுந்து போனால் லைன் நிற்கும். அதனால் தண்ணீரைக் குடிக்காமலே பொழுதை ஓட்டுவோம். ஒருமுறை எனக்கு அது முற்றி, இடுப்பு பிளக்கிற வலியும் குளிர்காய்ச்சலுமாக விழுந்தேன். கிளினிக் டாக்டர் பெரிய மாத்திரை எழுதினார். காய்ச்சல் இறங்கிவிட்டது. அந்த மாத்திரை இல்லையென்றால் நான் என்ன ஆகியிருப்பேனோ, அதை இன்றைக்கும் குறைத்துச் சொல்ல மாட்டேன். மாத்திரை முடியப்போகிற நேரம், காலையில் கம்பெனி வேனிலிருந்து இறங்கினேன். பின்னாலிருந்து யாரோ என் குதிகாலைக் கையால் கப்பென்று பிடித்தார்கள்.

"யாரு?" என்று திரும்பினேன். வேன் காலியாக இருந்தது.

என் கைமடி எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். டைலருக்குப் பக்கத்தில் நின்று துண்டுகளை எடுத்துக் கொடுத்து, தைத்ததை வாங்கி நூல் வெட்டி அடுக்குகிற ஆளைக் கைமடி என்போம். அவள் தேனிப் பக்கத்துக்காரி. என்னோடு வருசக்கணக்காக நிற்கிறவள். "என்னக்கா, ஆருகிட்டப் பேசுறீக?" என்றாள்.

"காலை ஆரோ புடிச்சாங்க கண்ணு."

"இந்த வயசுல ஒங்க காலப் புடிக்க ஆளு வருதுன்னா, அண்ணங்கிட்டச் சொல்லிருவேன் பாத்துக்கங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்று மத்தியானத்துக்குள் பெடலை மிதிக்கும்போதெல்லாம் அந்தக் கை இறுகியது. அந்த வார முடிவில் இரண்டு குதிகாலும், முழங்கால் பின்பக்கமும், தோளும் பிடிபட்டன. பாதத்தில் எறும்பு ஊர்ந்தது. குனிந்து பார்த்தால் எறும்பு இருக்காது.

விளக்கெண்ணெய் போட்டு நீவினார்கள். ஊத்துக்குளியில் இருக்கும் நாத்தனார், தோட்டத்து வெண்ணெயை உருக்கிக் கொடுத்தனுப்பினார். பக்கத்து வீட்டு அக்கா, காத்து கருப்பு எதுவோ அடித்திருக்கிறது என்று கோயிலில் மந்திரித்த கயிற்றைக் கொண்டுவந்து கணுக்காலில் கட்டினார். கட்டிவிட்டு நிமிர்ந்து, "பாத்தா நல்லாத்தானுங்க இருக்கறீங்க" என்றார். இந்த ஒரு வாக்கியத்தைப் போல என்னைத் துரத்திய வாக்கியம் வேறில்லை. மளிகைக் கடையில் சொன்னார்கள், சொந்தபந்தம், ஒறம்பரை வீட்டு விசேஷத்தில் சொன்னார்கள், கம்பெனி மேனேஜர் போனில் பார்க்காமலே சொன்னார். கண்ணாடியில் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. காலில் வீக்கமில்லை, சிவப்பில்லை. வலிக்கிறவள் ஒருத்தி உள்ளே இருக்க, நல்லா இருக்கிற ஒருத்தி கண்ணாடியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் பெரியாஸ்பத்திரியில் ஒரு எலும்பு டாக்டர்தான், இதற்கு முன்னால் என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். அட்டையைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

"அந்த ஆண்டிபயாட்டிக்கோட சைடு எஃபெக்ட்மா இது. நிறையப் பேருக்கு ஒண்ணும் பண்ணாது. சில பேருக்கு நரம்பையும் தசைநாரையும் பிடிச்சுக்கும். இனிமே எந்த டாக்டர்கிட்டப் போனாலும் இது எனக்கு ஆகாதுன்னு முதல்ல சொல்லிடுங்க."

"மாத்திரை நிறுத்தி மாசமாச்சுங்களே சார்?"

"மாத்திரை போயிருக்கும். அது பண்ணிட்டுப் போனது இருக்கும்."

"இதுக்கு மாத்து மருந்து என்னங்க?"

"மருந்து இல்ல. கொஞ்சம் நடக்கணும், கொஞ்சம் உக்காரணும். வலி வந்த பிறகு உக்காராதீங்க. வர்றதுக்கு முன்னாடியே உக்காந்துடுங்க."

"மெஷின் மிதிக்கலாங்களா?"

அவர் என் பாதத்தைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். "இப்ப மிதிச்சீங்கன்னா தசைநார் அறுந்தாலும் அறுந்துடும். பொறுத்துத்தான் பாக்கணும். திரும்ப மிதிப்பீங்களான்னு என்னால இப்பச் சொல்ல முடியாது."

திரும்பி வரும் பஸ்ஸில் அந்தக் கடைசி வாக்கியம் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது. 

அதற்கப்புறம் நான் செய்தது திருப்பூர்க்காரர்கள் மட்டும் செய்யக்கூடிய தப்பு. எங்கள் ஊரில் நாள் என்பது கிடையாது, ஷிப்ட்தான். காலையில் போய்ப் பொழுதோடு வந்தால் ஒரு ஷிப்ட். இருட்டிய பிறகும் இருந்துவிட்டு வந்தால் ஒன்றரை. எல்லோரும் செய்வது ஒன்றரைதான். 'ஒரு ஷிப்ட் பார்த்தேன்' என்று யாராவது சொன்னால், ஏன், உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள். இந்தக் கணக்கு என் எலும்பில் ஊறியிருந்தது. டாக்டர் சொன்னபடி மிதிக்காமல் வீட்டில் படுத்துக் கிடந்த நாளையெல்லாம் நான் ஷிப்ட் ஷிப்டாகச் சேர்த்துவைத்திருப்பதாக நினைத்தேன். இவ்வளவு ஓய்வு சேர்ந்திருக்கிறது, எடுத்துச் செலவழிக்கலாம் என்று, வலி விலகிய ஒரு திங்கட்கிழமை யாரிடமும் சொல்லாமல் கம்பெனிக்குப் போய் ஒன்றரை ஷிப்ட் மிதித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் ஒன்றுமில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று கோழிக்குழம்பு வைத்தேன். அதற்கு மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கப் பாதத்தை வைத்தேன், தரை இல்லை. தரை இருந்தது, எனக்குத்தான் அது கிடைக்கவில்லை. குளியலறைக்குத் தவழ்ந்து போனேன்.

"உன்ற ஆளு வந்துட்டானா?" என்றார் வீட்டுக்காரர். என் நோவுக்கு அவர் வைத்த பெயர் அது. "மிதிச்சன்னைக்கே வந்து அடிச்சான்னா நேர்மையானவன். ரெண்டு நாள் உட்டு, நீ மறந்தப்புறம் வர்றான் பாரு. இவன்கூட வெகு சாக்கிரதையாப் பொழைக்கோணும்."

பயத்தில் அடுத்த தப்பைச் செய்தேன். அசையாமல் படுத்தேன். தண்ணீர் எடுக்கக்கூட எழவில்லை. கெண்டைக்கால் சதை வற்றிச் சேலைக்குள் இரண்டு குச்சிகள் ஆயின. எழுந்து சமையல்கட்டுக்குப் போவதற்கே அந்த ஆள் வந்தான். நடந்தாலும் வருகிறான், படுத்தாலும் வருகிறான். பகலில் வீட்டில் தனியாக இருக்கும்போது, அறைக்குள் இன்னொரு மூச்சு இருப்பதுபோல இருக்கும். கட்டிலுக்கு அடியில் பார்த்திருக்கிறேன் என்றால் சிரிக்கக் கூடாது.

கைமடி ஒரு ஞாயிற்றுக்கிழமை வாழைப்பழத்தோடு வந்தாள். டாக்டர் சொன்னதையும் நான் செய்ததையும் கேட்டாள். "ஏக்கா, முழுசா மிதிக்கீக, இல்லாட்டி முழுசாப் படுத்துக்கிறீக. நடுவுல ஒண்ணுமே கெடையாதா? அரை ஷிப்ட் நடங்க."

"அரை ஷிப்ட்டுக்கு உசுரு எங்க இருக்குது கண்ணு?"

"அப்பக் கால் ஷிப்ட் நடங்க" என்றாள். சொல்லிவிட்டு அவளே என் காலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவ்வளவு மாதத்தில் அந்த அறையில் சத்தமாகக் கேட்ட முதல் சிரிப்பு அது.

மறுநாள் முதல் நான் கால் ஷிப்ட்டுக்குப் போனேன். கம்பெனி, எங்கள் தெருதான். வாசலிலிருந்து காஜா பட்டன் கடை வரை நடை. அங்கே ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருப்பார்கள். கால் நன்றாக இருந்தாலும் உட்கார வேண்டும். அந்த 'இருந்தாலும்'தான் கஷ்டம். நோகும்போது உட்கார எவருக்கும் தெரியும். நோகாதபோது, பாதம் இன்னும் போகலாம் என்று கெஞ்சும்போது உட்கார்வதற்கு எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. தெருவில் போகிறவர்கள் கேட்பார்கள்: "என்னுங்க, பொட்டாட்டம் கம்முன்னு உக்காந்துட்டீங்க?"

"ஷிப்ட் முடிஞ்சுதுங்க" என்பேன்.

"காத்தால எட்டரை மணிக்கேவா? எந்தக் கம்பெனிங்க அது, எனக்கும் ஒரு எடம் கேட்டுச் சொல்லுங்க!"

வீடு வந்து படுப்பேன். பிறகு எழுந்து பாத்திரம் கழுவுவேன், பாதியில் நிறுத்துவேன். கழுவாத பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு படுப்பது என் வாழ்க்கையிலேயே நான் செய்த கஷ்டமான வேலைகளில் ஒன்று. வெயில் காலம் போய் மழை வந்தது. காஜா கடையைத் தாண்டி பேக்கரி வரை, பிறகு பஸ் ஸ்டாப் வரை என்று கால் நீண்டது. நடுவில் இரண்டு தடவை பழையபடி தரை காணாமல் போனது. இரண்டு தடவையும், ஒரு கல்யாணமும் ஒரு தேர்த்திருவிழாவும் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று நின்றுகொண்டே இருந்ததால் வந்தவை. காதுக்குள் இருந்த மெஷின் தூரமாகப் போனது. நிற்கவில்லை.

அடுத்த வருசம் அதே டாக்டர், கொஞ்ச நேரம் மிதித்துப் பார்க்கலாம் என்றார். சூப்பர்வைசரிடம் போய், மத்தியானச் சாப்பாட்டு மணி வரைதான் இருப்பேன் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். "அக்கா, லைன்ல ஆஃப் ஷிப்ட்டுன்னு ஆளே இல்லீங்களே. மத்தியானத்துக்கு மேல உங்க மெஷினை ஆருங்க்கா ஓட்டறது?"

"நா ஓட்டுறேன்" என்றாள் கைமடி.

அவள் கற்றுக்கொண்டதே எனக்கு அதுவரை தெரியாது. நான் இல்லாத மாதங்களில் சாப்பாட்டு நேரத்தில் என் இடத்தில் உட்கார்ந்து வேஸ்ட் துணியில் ஓட்டிப் பழகியிருக்கிறாள். எனக்குச் சந்தோஷம்தான். அது என் மெஷின் என்று சொல்ல வாயெடுத்ததும் உண்மைதான்.

இப்போது அப்படித்தான் போகிறது. போன வாரம் ஒரு அர்ஜென்ட் ஷிப்மெண்ட். சாப்பாட்டு மணி அடித்தது. என் கால் அன்றைக்கு அவ்வளவு நன்றாக இருந்தது. பெடல் என் பாதத்துக்குக் கீழே பழைய மாதிரி மெத்தென்று இறங்கிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் வந்து நின்றார்.

"அக்கா, இன்னைக்கு ஒரு நாள் மட்டும். கண்டெய்னர் நிக்குதுங்க. டீ டைம் வரைக்கும் இருந்தீங்கன்னாப் போதும். வலிக்குதுங்களா?"

"இல்லீங்க."

"அப்பறம் என்னுங்க?"

"வலிக்கலீங்க. அதனாலதான் எந்திரிக்கறேன்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. நான் நூலை வெட்டிவிட்டு எழுந்தேன். கைமடி வந்து என் இடத்தில் உட்கார்ந்தாள். அவள் என்னைவிட உயரம், முட்டி இடிக்காமல் இருக்க ஸ்டூலைப் பின்னால் தள்ளிக்கொண்டாள். நான் கேட்டைத் தாண்டி பஸ்ஸுக்கு நின்றேன். கம்பெனி ஜன்னல் வழியாக லைன் ஓடுகிற இரைச்சல் வந்தது. அத்தனை மெஷினில் என்னுடையது எது என்று எனக்குத் தெரியும். டி-சர்ட் கையின் வளைவுக்கு வரும்போது அவள் கொஞ்சம் வெசையாக மிதிக்கிறாள். அங்கே மெதுவாக விட வேண்டும்.

யாரோ பஸ் வருகிறது என்றார்கள். குனிந்து பையை எடுக்கும்போதுதான் பார்த்தேன். என் வலது பாதம், செருப்புக்குள், தரையை அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாகவோ தெரியாது. நான் மிதிக்கச் சொல்லவில்லை. முட்டியில் கை வைத்து அழுத்தி நிறுத்தினேன். பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகும் கையை எடுக்கவில்லை. நாளை மறுநாள் காலை அந்த ஆள் வருவானா, வந்தால் இந்த மிதியையும் கணக்கில் சேர்த்துக் கேட்பானா என்று யோசித்துக்கொண்டே போனேன்.