மச்சினனுக்குக் கேட்காத எண்ணெய்

நோட்டு வாங்கி, பிள்ளையார் சுழி போட்டு, மூடி வைத்து ஆறு வருஷம் ஆகிறது. அதற்கு மேல் பேனா ஓடவில்லை. நான் பெரிதாகப் படித்தவன் இல்லை என்பது ஒரு காரணம். வெட்கம் இன்னொன்று. இனியும் தள்ளிப்போட்டால் முருகனுக்கே பொறுக்காது என்று உட்கார்ந்துவிட்டேன்.

என் மனைவிக்கு முடக்குவாதம். காலையில் விரல் மடங்காது, முழங்காலை நீட்ட வராது. திருப்போரூர் முருகன் சந்நிதியைத் தன் காலால் ஒருமுறையாவது சுற்றி வர வேண்டும் என்று ஏங்குவாள். பெரிய ஆஸ்பத்திரியில் தினமும் சாப்பிட மாத்திரை கொடுத்திருந்தார்கள். எனக்குத்தான் அதில் மனம் ஒப்பவில்லை. "அந்தச் சூடு ஒடம்புக்கு ஆவாது, நிறுத்திடு" என்று சொல்லிவிட்டு நானே வைத்தியத்தில் இறங்கினேன்.

படூர்ப் பக்கம் மனைக்கல் நட்ட இடங்களில் வேலியோரம் இன்னும் நொச்சி நிற்கிறது. அதையும் வாதநாராயணன் இலையையும் பறித்து வந்து, இடித்துச் சாறு பிழிந்து, நல்லெண்ணெயில் ஊற்றி, சடசடப்பு அடங்கும்வரை சிறுதீயில் காய்ச்சுவேன். முருகன் படத்தின் முன் வைத்துக் கும்பிட்டுவிட்டு, இளஞ்சூடாக அவள் முழங்காலில் தேய்ப்பேன். வாரம் இரண்டு நாள் முடக்கத்தான் தோசை.

"இன்னா, கால தேய்க்கிறீங்களா, தேர் அச்சுக்கு எண்ணெ போடறீங்களா?" என்பாள்.

சில மாதங்களில் வீக்கம் வடிந்தது. ஒரு கிருத்திகையன்று என் தோளைப் பிடிக்காமலேயே மூன்று சுற்று வந்தாள். கொடிமரத்தடியில் விழுந்து கும்பிட்ட நான் எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று. அன்று முதல் கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "மாத்திரையே இல்லாம சரியாச்சு" என்று சொல்லித் திரிந்தேன்.

அதைக் கேட்டவர்களில் அவளுடைய தம்பியும் ஒருவன். சிறுசேரி கம்பெனிகளுக்குக் கார் ஓட்டுகிறவன். அவனுக்கும் அதே வியாதி. மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அக்காவிடம்கூடச் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டு எண்ணெயைத் தேய்த்தான். இரண்டு மாதத்தில் ஸ்டியரிங் பிடிக்க முடியாமல் கை வீங்கிப் படுத்துவிட்டான்.

பார்க்கப் போனோம். "இன்னா மாமா, நானும் மாத்திரைய நிறுத்திட்டுத்தான தேய்ச்சேன், அக்காவுக்குக் கேட்ட எண்ணெ எனக்கு ஏன் கேக்கல? நான் இன்னா பாவம் பண்ணேன்?" என்றான்.

உனக்கு நம்பிக்கை போதவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் மனைவி அழுதுவிட்டாள். "டேய், நான் மாத்திரைய நிறுத்தவே இல்லடா. அரிசிப் பானைக்குள்ள வச்சி தெனமும் முழுங்கிகினுதான் கீறேன்."

"என்கிட்ட ஏண்டி சொல்லல?"

"வெயில்ல அலைஞ்சி எலைய கொண்டாந்து, குந்தி ஆய்ஞ்சிகினு இருப்பீங்க. அந்த மூஞ்சப் பாத்து எப்படிச் சொல்றது? தேய்ச்சா சொகமாவும் இருந்துச்சு."

"புருசன் மனசு வாடாம பாத்துகினே. என் கைதான் வீங்கிப்போச்சு, போக்கா!" வலியிலும் சிரித்தான் அவன்.

அன்றைக்கே அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் திட்டியதெல்லாம் எனக்குச் சேர வேண்டியது. மறுபடி மாத்திரை ஆரம்பித்து, மெல்ல மெல்லக் கார் ஓட்டப் போனான். ஆனால் வலது கையில் ஒரு விரல் இன்றும் நிமிரவில்லை.

மேலே தடவுவதில் தப்பில்லை என்று டாக்டரே சொன்னதால் எண்ணெய் இன்னும் காய்ச்சுகிறேன். மாத்திரையை இப்போது நானே எடுத்துக் கொடுக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு யாருக்காவது சொல்வதானால், எழுதியபடியே சொல்லுங்கள். எண்ணெயை மட்டும் சொல்லி மாத்திரையை விட்டுவிடாதீர்கள். என் வாயால் ஒருவன் விரல் போனது போதும்.