பால்கனியில் உறைந்த சுறாக் கருவாடு

ஜெகதாப்பட்டினத்து உவர் நிலத்தில் ஐஸ் கம்பெனி கட்டியவன் நான். நல்ல தண்ணீர் வராது என்றார்கள், வரவழைத்தேன். கரண்ட் கிடைக்காது என்றார்கள், அலைந்து வாங்கினேன். அதை வைத்துத்தான் லாரி, மாடி வீடு, மகள்களுக்குக் காலேஜ் படிப்பு எல்லாம். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. குளிரை விற்றே பிழைத்தவனைக் கனடாக் குளிர் என்ன செய்துவிடும் என்றுதான் விமானம் ஏறினேன்.

போயிருக்க வேண்டியவள் என் மனைவி. கனடாவில் இருக்கும் சின்ன மகளுக்குத் தலைப்பிரசவம். எங்கள் இருவருக்கும் விசா வந்த பிறகு அவள் மவுத்தாகி, அடக்கமும் முடிந்தது. அவள் கட்டி வைத்திருந்த சுறாக் கருவாட்டைப் பெட்டியிலிருந்து எடுக்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு நான் மட்டும் போனேன். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற எங்கள் கரையில் சுறாப்புட்டுத்தான் கொடுப்பார்கள்.

ஐஸ் கம்பெனியில் எவ்வளவு நேரம் நின்றாலும், வெளியே வந்தால் வெயில் இருக்கும். கனடாவில் கதவைத் திறந்தால் இன்னொரு ஐஸ் கம்பெனி. மருமகன் வாங்கித் தந்த குளிர்க்கோட்டு போட்டும் கால் மரத்தது, பிறகு கை. மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தால், தொடுகிற விரலுக்கும் தெரியாது. மனைவி போனபோது எனக்கு அழுகை வரவில்லை. உள்ளே ஏதோ மரக்கட்டை மாதிரி கிடந்தது. அங்கே போனபின் உடம்பும் அப்படியே ஆனதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

பேத்தி பிறந்தாள். மகளுக்குப் பால் போதவில்லை. குழந்தை சப்பிப் பார்த்துவிட்டு வீறிடும். மகள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.

கருவாட்டைப் பிரித்ததும் மருமகன் பதறினார். "மாமா, இந்த வாசனைக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க கம்ப்ளைன்ட் பண்ணிருவாங்க."

"சரி மாப்ள, பால்கனியில வச்சு ஊறப் போடுறேன்" என்றேன்.

காலையில் போய்ப் பார்த்தால் சட்டி நிறைய ஐஸ். நடுவில் கருவாடு. வாழ்நாளெல்லாம் தண்ணீரை ஐஸாக்கியவனுக்கு அது தோன்றவில்லை.

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மகள் சிரித்தாள். அவள் அம்மா போனபின் அன்றுதான் சிரித்தாள். "என்ன அத்தா, இங்கயும் ஐஸ் கம்பெனி ஆரம்பிச்சுட்டீங்களா?"

வெறுங்கையால் உடைத்து எடுத்தேன். அவித்து, தோலை உரித்து உதிர்த்தேன். சுறாத் தோலில் மணல் போல நெருநெருவென்று இருக்கும். அதை விரலால் தடவித்தான் நீக்க வேண்டும். என் விரல்களுக்கு எதுவும் தெரியவில்லை. அப்படியே தாளித்துக் கொடுத்தேன்.

ஒரு வாய் வைத்தவள் நிறுத்திவிட்டாள். "மணலாக் கெடக்கு அத்தா. அம்மா செஞ்சா இப்படி இருக்காது."

"ஒங்கம்மா இருந்தா நான் எதுக்கும்மா இங்கிட்டு வாரேன்?"

மகள் தட்டை நகர்த்தி வைத்தாள். குழந்தை அழுதது.

மரத்த கையைச் சுடுதண்ணீரில் வைக்கக் கூடாது. கம்பெனியில் நாங்கள் அக்குளில்தான் வைத்துக்கொள்வோம். அப்படியே அடுப்படியில் நின்றேன். வெகுநேரம் கழித்து விரல்களில் வலி வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது. விரல் வலிக்குத்தான்.

மீதிக் கருவாட்டை வீட்டுக்குள்ளேயே ஊறப் போட்டேன். மருமகன் ஜன்னலைத் திறந்துவிட்டார். இந்தத் தடவை ஒவ்வொரு துணுக்கையும் தடவி, நாக்கிலும் வைத்துப் பார்த்தேன். பூண்டு, சின்ன வெங்காயம், மிளகு. என் மனைவி செய்யும்போது அடுப்படிப் பக்கம் போகாதவன் நான். வாசனையை வைத்தே பக்குவம் பிடித்தேன். மகள் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். கருவாடு தீர்வதற்குள் பால் நன்றாக ஊறியது. பேத்தி குடித்துவிட்டுத் தூங்கினாள்.

பனி கரைந்த பிறகுதான் சம்பந்தியம்மா வந்து சேர்ந்தார். நான் ஊர் திரும்பி வந்து பார்த்தால், குழந்தை தேறியது அவர் கைப்பக்குவத்தால் என்று தூரத்துக் கறம்பக்குடி வரைக்கும் பேச்சு. அவர் வைத்தது கோழி ரசம். அதைக் குறை சொல்லவில்லை. சுறாப்புட்டு என் மனைவி பக்குவம், செய்தது நான். மகளும் மருமகனும் இதைச் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்ல வேண்டும். என் பேத்திக்கு விவரம் தெரியும்போது அவளிடமும் சொல்ல வேண்டும்.