மூன்றாவது படம்

அந்தப் பராமரிப்புப் பயிற்சி நிலையத்தில் ஒரு நடைமுறை. எந்த முதியவரைக் கவனிக்கப் போகிறோமோ, அவர் முகத்தை முதலில் வரைய வேண்டும். அவர் பார்த்து "நான்தான்" என்று சொன்ன பிறகே அவரைத் தொடலாம். மூன்று முறை இல்லையென்றுவிட்டால் பயிற்சி அதோடு சரி.

லிஃப்ட் மெக்கானிக்குக்கு இரண்டு முறை ஆகிவிட்டது. லிஃப்ட் கூண்டின் தலையில் ஏறி நின்று வேலை பார்த்த நாட்களில்கூட இப்படிப் பயந்ததில்லை. படுக்கையில் கிடந்த அப்பாவை மாதக்கணக்கில் கவனித்துக்கொண்டவர் அவர். அப்பா போனதும் பழைய வேலைக்குத் திரும்ப மனம் வரவில்லை. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தார்.

உடன் படிக்கும் பெண் அவருடைய இரண்டாவது படத்தை எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, ஸ்கேல் வச்சா போட்டீங்க? பட்டனை அமுக்கினா நாலாவது மாடிக்குப் போயிடும்போல இருக்கே!"

"சும்மா இரும்மா. இதுவும் போச்சுன்னா நான் காலி."

மூன்றாவதை ஸ்கேல் இல்லாமல் வரைந்தார். அவருக்கு ஒதுக்கப்பட்டிருந்த கிழவர் முன்பு பஸ் ஓட்டியவர். அவருக்குச் சவரம் செய்துவிடுவதுதான் முதல் வேலை. படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது நான் இல்ல. யாருய்யா இது?"

மெக்கானிக் பார்த்தார். அகன்ற நெற்றி, சரிந்த இடது இமை. அளவு இல்லாமல் விட்டதும் கை தனக்குத் தெரிந்த முகத்தைப் போட்டிருந்தது.

"எங்கப்பா."

"இருக்காரா?"

"இல்லய்யா."

பையை எடுக்கத் திரும்பினார்.

"எங்க ஓடறே? டீச்சரம்மாகிட்ட நான் இன்னும் வாயத் தொறக்கல. பேப்பரைத் திருப்பு. வந்ததுலேருந்து அதையே பாத்துக்கிட்டிருக்கே. என் மூஞ்சியப் பாருய்யா."

பார்த்தார். தாடையில் தழும்பு. ஒரு புருவத்தில் பாதி இல்லை. இத்தனை நாளும் முறைப்பு என்று நினைத்திருந்தது பயம். புது ஆள் ரேசரோடு வந்து நின்றால் யாருக்குத்தான் இருக்காது? அதையும் சேர்த்து வரைந்தார்.

கிழவர் வெகுநேரம் பார்த்தார்.

"காது ரொம்பப் பெருசு. ஆனா நான்தான்."

சோப்பு நுரை பூசும்போது மெக்கானிக்கின் விரல்கள் உதறின.

"நடுங்குதே?"

"ஆமாய்யா."

"நடுங்கட்டும். கழுத்துகிட்ட வரும்போது மட்டும் உங்கப்பாவ நெனைக்காத. என்னை நெனை."

மெக்கானிக் கழுத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு கன்னத்தில் தொடங்கினார்.